ஒழுகாத படகு

அக்காவின் கணவர் படகு வாங்கிவிட்டார். குளியலறை வாளிக்கு மேல் தண்ணீரோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளாத மனிதர். நீச்சல் தெரியாது. பல் பிடுங்கப் போன இடத்தில், பல் டாக்டரின் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய ஃபைபர் படகைப் பார்த்திருக்கிறார். வாய் மரத்துப்போயிருந்த நேரத்தில் பேரம் நடந்தது. பேரம் என்றும் சொல்ல முடியாது. டாக்டர் ஒரு விலை சொன்னார், இவர் தலையாட்டினார்.

படகு அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஏறியது. முன்பக்கம் உள்ளே, பின்பக்கம் வெளியே, தகரக் கூரையின் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்கு நேர் கீழே. அந்த ஷெட்டை அக்கா தன் தையல் மெஷின்களுக்காகக் கேட்டு வைத்திருந்தாள். இதுவரை படுக்கையறையில்தான் தைத்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் மாமாவின் பனியன்களைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்காருவார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடம் சீருடை மொத்தத்தையும் தருவதாகச் சொல்லியிருந்தது, தனி இடம் இருந்தால். இடம் இருந்தது. இடத்தில் படகு இருந்தது.

நான் இரவு வேலையை விட்டுவிட்டு அவர்கள் கூடத்தில் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தேன். அதனால் எடுபிடி வேலை என் தலையில் விழுந்தது.

"மச்சான், எந்திரி. ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டேன்."

பின்பலகையின் அடியில், கட்டைவிரல் நுழைகிற அளவில் ஒரு துளை. நல்ல வட்டம். விளிம்பில் பித்தளை வளையம்.

"வேணும்னே போட்ட மாதிரி இருக்கே, மாமா."

"வேணும்னேதான்டா. ஓட்டைக்கு மோதிரம் மாட்டி வித்திருக்கான் அந்தப் பல்லுப் புடுங்கி. என்கிட்டயா?"

வளையத்தைச் சுத்தியலால் பெயர்த்து எறிந்தார். ரெசின் பசையில், அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கண் அளவில் ஊற்றிக் கலக்கினார். வாளி சூடேறிப் புகைந்து, அடி உருகி, அவர் செருப்பைத் தரையோடு ஒட்டிவிட்டது. வெறுங்காலோடு இரண்டாவது வாளியைக் கலக்கினார். அது சரியாக வந்தது. உள்ளும் புறமும் ஃபைபர் துணி வைத்துத் துளையை அடைத்தார். அன்று இரவு முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

அடுத்தது தேய்ப்பு. அலுவலகத்திலிருந்து வந்ததும் உப்புத்தாளை எடுத்துவிடுவார். மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னால், "நான் என்ன திருடனா?" என்பார். ஃபைபர் தூள் பறந்து படுக்கையறை ஜன்னல் வழியாகப் போய், அக்கா மடித்து வைத்த துணிகளில் படிந்தது. வீடே சொறிந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வந்தார். மாதிரிக்குத் தைத்துக் கொடுத்த சட்டையை இரண்டே விரலால் பிடித்திருந்தார்.

"இதைப் போட்ட பொண்ணு காலையில வரிசையில நின்னு சொறிஞ்சுக்கிட்டே இருக்கா. ஒருத்தின்னா பரவாயில்லம்மா. பள்ளிக்கூடமே சொறிஞ்சா நான் என்ன பண்றது? சனிக்கிழமை வர்றேன். சுத்தமா ஒரு இடத்தைக் காட்டு. இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்."

அவர் போனதும் அக்கா ஷெட்டுக்கு வந்தாள்.

"என்னங்க, ஒரே பேச்சு. இது ஒழுகாத படகுன்னா ஷெட்டு உங்களுது. நான் வாயே திறக்கல. ஒரு சொட்டு ஒழுகினாலும் இது வந்த வழியே போகணும்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

"சொறியறதை நிறுத்திட்டு, சரின்னு சொல்லுங்க. போதும்."

சரி என்றார். சொறிவதை நிறுத்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி நல்ல மழை. சனிக்கிழமை காலையில் மாமா பல் துலக்கியபடியே என்னை இழுத்துக்கொண்டு போனார். கூரைத் தண்ணீர் மொத்தமும் இறங்கி, படகு விளிம்பு வரை நிறைந்து நின்றது.

"பாரு மச்சான்! ததும்புது! ஒரு சொட்டு வெளிய வரல!"

தண்ணீர் படகுக்கு வெளியே இருக்க வேண்டியது என்று நான் சொல்லவில்லை. வாயெல்லாம் நுரையோடு ஒருவர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு வம்பு. முட்டுக்கொடுத்த பழைய டயர்கள் மட்டும் பிதுங்கிக்கொண்டிருந்தன.

அக்கா வந்தாள். படகைச் சுற்றி நடந்து அடியில் தடவிப் பார்த்தாள். கை ஈரமாகவில்லை.

"ஒழுகல," என்றாள். குரல் இறங்கிவிட்டது. பேச்சு பேச்சுதான். தலைமையாசிரியைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வாசலைப் பார்த்தபடி நின்றாள்.

வாசலில் பல் டாக்டர் வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து மரை போட்ட ஒரு பித்தளை அடைப்பானை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"டிராயரைக் குடையும்போது கிடைச்சுது, சார். கொடுக்க மறந்துட்டேன். கரையில நிக்கும்போது கழட்டி வச்சிருங்க, மழைத் தண்ணி பின்னாடி ஓட்டை வழியா வடிஞ்சிரும். ஏரியில இறக்கும்போது திருகிக்கலாம். ஆமா, அந்த ஓட்டை எங்க?"

மாமாவின் வாயில் நுரை அப்படியே நின்றது.

"அடைச்சுட்டாரு," என்றேன்.

டாக்டர் குனிந்து தடவிப் பார்த்தார். "பிரமாதம். நான் பல்லைக்கூட இவ்வளவு நல்லா அடைச்சதில்ல."

அந்த நேரம் பார்த்து ஒரு டயர் நழுவியது. படகு ஒரு சாண் சாய்ந்து, சுவர்ப் பக்கமாக முனகியது.

"சுவரு போயிரும்! தண்ணியை வெளியேத்துங்க!" என்று டாக்டர் தெருவுக்கே ஓடிவிட்டார். மாமா குளியலறையிலிருந்து மக்கை எடுத்துவந்து மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். நாலு மக் ஊற்றியிருப்பார். அக்கா பலகையில் கிடந்த பேட்டரி டிரில்லை எடுத்தாள்.

"தள்ளுங்க."

"ஏய், ஏய்! அங்க இல்ல! இப்பத்தான் தேய்ச்சேன்!"

அவள் இடம் பார்க்கவில்லை. கைக்கு எட்டின இடத்தில் வைத்து அழுத்தினாள். தண்ணீர் மாமாவின் வயிற்றில் பீய்ச்சி அடித்தது. ஷெட்டில் படிந்திருந்த தூளையெல்லாம் வழித்துக்கொண்டு தெருவுக்குப் போனது.

அக்கா டிரில்லை நிறுத்தினாள். "ஒழுகுது."

"அது நீ போட்ட ஓட்டைடி!"

"ஒழுகுதா, இல்லையா?"

மாமா என்னைப் பார்த்தார். அவர் சோற்றைத்தான் நானும் தின்கிறேன். ஆனால் வடித்துப் போடுவது அக்கா.

"ஒழுகுது, மாமா."

அவர் பித்தளை அடைப்பானைப் புதுத் துளையில் வைத்து அழுத்திப் பார்த்தார். நுழையவில்லை.

தலைமையாசிரியை செருப்பைக் கையில் பிடித்தபடி, வாசல் தண்ணீரைத் தாண்டி வந்தார். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எதிரே போனாள்.

"வாங்க டீச்சர். இதான் இடம். இப்பத்தான் கழுவி விட்டுக்கிட்டு இருக்கோம்."