வீட்டில் பெற்றால் இலவசம்

மகள் உயிரோடு பிழைத்து எழுவதற்கு நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் என்று விலை சொல்லியிருந்தார்கள். ஆண்டியப்பனுக்கு அந்த விலை பிடித்திருந்தது. கறம்பக்குடியில் முப்பது வருஷமாகத் தேங்காய் மண்டி வைத்திருக்கிற மனிதர். யார் எந்த விலை சொன்னாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்துவிட்டு, அப்புறம்தான் திரும்பிப் பார்ப்பார். இந்த ஒரு விலைக்குத் துண்டு அசையவில்லை.

"கட்டிரு ஆத்தா. இப்பவே போட்டு விடுறேன்" என்றார் போனில்.

கார்த்திகாதான் இழுத்தாள். "அப்பா, அது வேணும்னா கட்டுறதுப்பா. கட்டாமயும் இருக்கலாம்."

"கட்டாட்டி?"

"வீட்லயே பெத்துக்கலாம். ஃப்ரீ."

ஆண்டியப்பன் கல்லாப்பெட்டி மேலிருந்த டீயைத் தள்ளி வைத்தார்.

கார்த்திகா இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் என்கிற ஊரில். புருஷன் முத்துராஜுக்கும் அவளுக்கும் அங்கே கம்ப்யூட்டர் வேலை. அந்த நாட்டு வழக்கத்தை அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மாசமான பெண்ணைப் பார்த்துக்கொள்வது டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவச்சி. கோளாறு ஏதாவது தெரிந்தால்தான் டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம். கோளாறு இல்லாதவள் தன் வீட்டுக் கட்டிலிலேயே பெற்றுக்கொள்ளலாம், இன்சூரன்ஸ்காரன் கொடுத்துவிடுவான். கோளாறே இல்லாமல் ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று ஆசைப்பட்டால், அந்த ஆசைக்கு நானூற்றைம்பது யூரோ கைக்காசு. நம் பணத்தில் நாற்பத்தைந்தாயிரம்.

"ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பெத்த கொஞ்ச நேரத்துல வீட்டுக்குப் போன்னு அனுப்பிருவாங்கப்பா. எதுக்கு அலைச்சல்? எனக்கு வீடுதான் பிடிச்சிருக்கு. அப்பறம் ஒரு வாரம் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து புள்ளைய குளிப்பாட்டிக் குடுப்பாங்க."

சும்மா கிடைக்கிற சரக்கில் சொத்தை இருக்கும் என்பது மண்டியில் பாலபாடம். ஆனால் ஆண்டியப்பன் டீயைத் தள்ளி வைத்தது அதனால் அல்ல. அவருடைய அக்கா மூக்காயி பிரசவத்துக்கு வீட்டில்தான் படுத்தாள். இரண்டு ராத்திரி வலி. மூன்றாம் நாள் விடியலில் மருத்துவச்சி கையை விரித்த பிறகு, அவருடைய அப்பா கடைவீதிக்குப் போய் டாக்சிக்காரனைப் பிடித்தார். புதுக்கோட்டைக்கு நூற்றிருபது என்றான் அவன். அப்பா எழுபதில் ஆரம்பித்தார். அவரும் வியாபாரிதானே; கேட்ட விலையைக் கொடுத்தால் நாளைக்கு ஊர் மதிக்காது. பக்கத்தில் அரைக்கால் டவுசரோடு நின்ற ஆண்டியப்பன், இரண்டு பேரும் வெற்றிலை மாற்றிக்கொள்ளாத குறையாகப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்ணூறுக்குப் படிந்தது. வண்டி வாசலுக்கு வந்தது. ஏற்றுவதற்கு அக்கா இல்லை.

இப்போது இந்த மாவட்டத்தில் எவளாவது வீட்டில் பெற்றாள் என்று தெரிந்தால் நர்ஸ் முதல் தாசில்தார் வரை ஜீப்பில் வந்து இறங்கிவிடுவார்கள். அந்த இடத்துக்கு வந்து சேர ஊருக்கு இவ்வளவு காலம் பிடித்தது. இவர் மகளோ விமானம் ஏறிப் போய், பணக்கார நாட்டில், மூக்காயி படுத்த மாதிரியே வீட்டில் படுக்கிறேன் என்கிறாள்.

மனைவி சந்தனம் போவதாக இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும். அவளுக்கு விசாத் தேதி பிரசவத் தேதிக்குப் பின்னால்தான் கிடைத்திருந்தது.

சேதி அன்னவாசலுக்கும் போயிற்று. சம்பந்தி வெள்ளைச்சாமி அங்கே இரும்புக்கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளை முத்துராஜின் தகப்பனார். தராசு முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது தன் பக்கம்தான் என்று நிரூபிக்கத் தெரிந்தவர்.

"என்னங்க சம்பந்தி, தலைப்பிரசவம் பொண்ணு வீட்டுச் செலவு. ஒங்களுக்குத் தெரியாததில்ல. இப்ப வீட்லயே பெத்துக்கிறதாமுல்ல? செலவில்லாம முடிச்சுட்டாகன்னு இங்கிட்டு நாலு பேரு பேசுறாங்க."

"நானா சொன்னேன்? ஒங்க மகன்தான் கட்டிலுக்கு நாலு காலுலயும் கட்டைய வச்சு ஒசத்திக்கிட்டுக் கெடக்காரு. மருத்துவச்சிக்கு இடுப்பு வலிக்கக் கூடாதாம். வீடியோல பாத்தேன். கல்யாணத்துக்கு நான் செஞ்ச கட்டிலுகூட அம்புட்டு ஒசரமில்ல."

"அவன் மேல பழி போடாதீங்க. மாசாமாசம் இன்சூரன்ஸு கட்டுறது அவன். அப்ப பிரசவச் செலவ எங்க வீடுதான கட்டியிருக்கு? பத்து மாசக் கணக்கு என்னாச்சுன்னு பாருங்க."

"எம்மகளுக்கு எம்மக சம்பளத்துல பிடிக்கிறான் சம்பந்தி. கேட்டுப் பாத்துட்டுப் பேசுங்க."

பெண் வீடும் கட்டவில்லை, மாப்பிள்ளை வீடும் கட்டவில்லை, பெறப் போகிறவளே கட்டியிருக்கிறாள் என்கிற கணக்கு இரண்டு கடையிலும் அதுவரை எழுதப்படாத கணக்கு. இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்கள்.

ஆண்டியப்பன் கடைசியில் அந்த மருத்துவச்சியிடமே பேசுவது என்று முடிவு செய்தார். பெயர் மரைக்கே.

"கோட்டைப்பட்டினத்து மரைக்காயர் வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள் சந்தனம். "நம்மகிட்ட மூட்டைக் கணக்குல காய் எடுக்குறாரே, அவரு சொந்தமான்னு கேளுங்க."

வீடியோவில் தெரிந்தவளுக்கு ஐம்பது வயசு இருக்கும். வெட்டிவிட்ட நரைமுடி, ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் காதில் ஒரு குண்டுமணி தங்கம் இல்லை. பக்கத்தில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கார்த்திகா. அவள்தான் இரண்டு பக்கத்துக்கும் வாய்.

"அவங்ககிட்ட சொல்லு ஆத்தா. நாப்பத்தஞ்சு என்ன, அம்பதாவே தாரேன். ஆஸ்பத்திரியிலயே வச்சுப் பாக்கட்டும்."

கார்த்திகா சொன்னாள். மரைக்கே சிரித்தாள். "வீட்ல பாத்தாலும் ஆஸ்பத்திரியில பாத்தாலும் அவங்களுக்கு ஒரே சம்பளம்தானாம்பா."

"அறுவது."

"அப்பா!"

"எழுவது. அவங்க கைக்குத் தனியா. இன்சூரன்ஸுக்குத் தெரிய வேணாம்."

சந்தனம் இடுப்பில் இடித்தாள். "எதிராளி வாயவே தெறக்கல. ஏலத்துல ஒத்த ஆளா நின்னு நீங்களே ஏத்திக்கிட்டுப் போறீங்க. மண்டிப் பக்கம் யாராச்சும் பாத்தா நாளைக்குக் காய் எடுக்க வருவானா?"

உண்மைதான். வாழ்நாள் முழுக்க விலையை இறக்கியே பழகிய வாய்க்கு, ஏற்றுவது எப்படி, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

மரைக்கே சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டாள். கார்த்திகா அப்பாவைப் பார்த்தாள். "ஏன் இவ்வளவு பயப்படுறீங்கன்னு கேக்குறாங்கப்பா. சொல்லட்டா?"

"சொல்லு."

மாலை போட்ட படத்தில் மட்டும் பார்த்த அத்தையைப் பற்றிக் கார்த்திகா இங்கிலீஷில் சொன்னாள். மரைக்கே ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டாள். எப்போது கிளம்ப முடிவு செய்தார்கள் என்று கேட்டாள். டாக்சி விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். அப்புறம் விரல் விட்டு எண்ணினாள். ரத்த அழுத்தம் ஏறினால் வீடு இல்லை. பிள்ளை தலை திரும்பாவிட்டால் இல்லை. ரத்தம் கூடுதலாகப் போனால் இல்லை. பனிக்குடத்துத் தண்ணீர் பச்சையாக வந்தால் இல்லை. வலி இழுத்துக்கொண்டே போனால் இல்லை. பிள்ளையின் துடிப்பு குறைந்தால் இல்லவே இல்லை. இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரி பதினொரு நிமிஷம்.

ஆண்டியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அழுகல் காயைத் தானே பொறுக்கி முன்னால் வைக்கிற வியாபாரியை அவர் இதுவரை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறார். அதில் ஒருவன் கடையை மூடிவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேளு. இவங்க கெளம்புன்னு சொல்லி, வீட்டுல யாராச்சும் செத்த இருங்க பாப்போம்னு சொன்னா?"

மரைக்கே தலையைக்கூட ஆட்டவில்லை. சுருக்கமாகச் சொன்னாள்.

"அங்க பேச்சே கெடையாதாம்பா. அவங்க சொன்னா கெளம்பணுமாம்."

"கறாரா?"

"கறார்."

"அப்பச் சரி" என்றார் ஆண்டியப்பன். நாற்பத்தைந்தாயிரத்தை மட்டும் தனியாக ஒரு பையில் போட்டுப் பீரோவில் வைத்தார். ஒப்புக்கொண்டதற்கும் நம்பியதற்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் உண்டோ அவ்வளவு பணம் அது.

வலி எடுத்த அன்று அவர் மண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். உச்சிவேளை. லாரிக்கு மேலே நின்று வேலையாள் இன்னாசி காய் வாங்கி அடுக்க, கீழே இவர் எண்ணிக்கை போட, முத்துராஜ் போன் வந்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"மாமா, தண்ணி ஒடஞ்சிருச்சு. பச்சையா இருக்கு. புள்ளத் துடிப்பும் கொறையுதாம். அந்தம்மா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டாங்க, வண்டி வாசல்ல நிக்குது. இவ கட்டில விட்டு எறங்க மாட்டேங்குறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"ஆத்தா" என்றார்.

மூச்சு வாங்கியது. "அப்பா, கிட்டத்துல வந்திருச்சுப்பா. எனக்குத் தெரியுது. அரை மணி நேரம் குடுக்கச் சொல்லுங்க."

பின்னால் மரைக்கேயின் குரல் கேட்டது. மறுத்து ஒரே வார்த்தை.

"சரி, இருவது நிமிஷம். இருவது நிமிஷத்துல வரலைன்னா நானே போறேன்" என்றாள் கார்த்திகா.

மறுபடி அதே வார்த்தை, அதே சத்தத்தில்.

அரை மணியில் ஆரம்பித்து இருபதுக்கு இறங்கி, அடுத்துப் பத்துக்கு வந்து நிற்கப் போகிற அந்தக் குரலை ஆண்டியப்பனுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூட லீவில் அவள் கற்றுக்கொண்டது. அவர் அதைக் கற்றுக்கொண்டது கடைவீதியில், ஒரு டாக்சியின் பக்கத்தில் நின்றபோது.

"பத்து நிமிஷம்பா. பத்தே பத்து..."

"ஆத்தா, பேரம் இல்ல. ஏறு."

"அப்பா..."

"ஒன்னைய பெத்தவன் சொல்றேன். அவங்க சொன்ன வெலதான் வெல. எந்திரிச்சு வண்டியில ஏறு."

கட்டில் கிரீச்சிட்டது, யாரோ எதையோ தள்ளினார்கள், கதவு திறந்தது, முத்துராஜ் "வைக்கிறேன் மாமா" என்றான்.

இன்னாசி மேலேயிருந்து, "மொதலாளி, எண்ணிக்க என்ன போட்டீங்க?" என்றான்.

"நீ என்ன சொல்றியோ அதப் போடு."

இருபது வருஷ வேலையில் இன்னாசிக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. திகைப்பில் சரியான எண்ணையே சொல்லித் தொலைத்தான்.

ஆண்டியப்பன் வீட்டுக்குப் போகவில்லை. போனால் சந்தனத்திடம் சொல்ல வேண்டும். லாரி கிளம்பிப் போன பிறகு மண்டியைக் கூட்டிவிட்டு, காலித் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போன் அடித்தபோது முதலில் கேட்டது முத்துராஜின் குரல் இல்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு வீறல்.

"பொம்பளப்புள்ள மாமா. கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருந்திருக்கு. டாக்டர் தலையில குழாய் வச்சு உறிஞ்சி வெளிய எடுத்தாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"கார்த்தி பேசுறாளா?"

"பேசுறா. ஒங்க மேல கோவமா இருக்கா."

"இருக்கட்டும்" என்றார். போனை இன்னாசியிடம் கொடுத்துவிட்டார். விசேஷத்தை அவன்தான் விசாரித்தான்.

சாயங்காலம் வெள்ளைச்சாமி கூப்பிட்டார். பேத்தி யார் ஜாடை என்பதில் கொஞ்ச நேரம் போனது. பிறகு கணக்குக்குத் திரும்பினார்.

"சரிங்க சம்பந்தி. ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. இப்ப அது ஒங்க செலவு, என்ன சொல்றீங்க?"

"சந்தோசமாங்க. பில் வரட்டும்."

பில் வந்தபோது சந்தனம் ஐந்தோவனில் மருமகனுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி அனுப்பிப் போனதால் ஆஸ்பத்திரிக்குக் கைக்காசு இல்லை. டாக்டருக்கும் இல்லை. மரைக்கேவுக்கு ஒன்றும் இல்லை. பட்டுப்புடவை கொண்டுபோன சந்தனத்திடம், கட்டத் தெரியாது என்று சொல்லி ஒரு வாய் லேகியம் மட்டும் வாங்கித் தின்று முகத்தைச் சுளித்தாளாம். கட்டச் சொல்லி வந்தது ஒரே ஒரு இனம்தான்.

"வண்டிக்குப்பா" என்றாள் கார்த்திகா. கோபம் அதற்குள் ஆறியிருந்தது. "ஆம்புலன்ஸுக்கு மட்டும் முன்னூத்தி எம்பத்தஞ்சு யூரோ நம்ம கையிலருந்து கட்டணுமாம். பதினோரு நிமிஷம் ஓடுனதுக்கு! அநியாயம். தவணையில கட்டலாமான்னு எழுதிக் கேக்கப் போறாரு இவரு."

"யாரும் ஒண்ணும் எழுத வேணாம். நான் இப்பவே போடுறேன்."

"கொஞ்சம் கேட்டுப் பாக்கலாம்ல?"

"வண்டிக்கூலியில கேக்காத ஆத்தா."

பீரோவிலிருந்து பையை எடுத்து எண்ணினார். இருந்தது நாற்பத்தைந்தாயிரம். வண்டிக்கூலி முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு, பைசல். லேகியச் சாமான், பெட்டியின் கூடுதல் எடைக்காக விமானத்தில் கட்டியது, ஆக ஆறாயிரத்து ஐந்நூறு, சரியாய்ப் போயிற்று. மூக்காயிக்காகப் புதுக்கோட்டைக்குப் பேசி முடித்து, ஓடாமல் நின்ற வண்டி, தொண்ணூறு ரூபாய். டாக்சிக்காரன் அன்றைக்கு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அது மட்டும் பாக்கி.