உள்ளேயே சுற்றும் காற்று

மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வழியில், கார்க் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து சாலையே மறைந்துபோனது. குறுக்கே வந்த கிழவர் மயிரிழையில் தப்பினார். ஏழு தலைமுறைக்கும் சேர்த்து அவர் திட்டியதை வாங்கிக்கொண்டு, அவள் நேரே மெக்கானிக்கிடம் வந்துவிட்டாள்.

"காரா இது? ஆவி பிடிக்கிற சட்டி மாதிரி இருக்கே தங்கச்சி!" என்றார் மெக்கானிக்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் தரைவிரிப்பைத் தூக்கித் தடவினார், ஈரமில்லை. கதவு ரப்பரும் நன்றாகவே இருந்தது. பிறகு டேஷ்போர்டைப் பார்த்தார்.

"அட, இந்தப் பட்டனை யாரு அமுக்கி வெச்சது? வெளிக்காத்தே உள்ள வராதே. நீங்க விடுற மூச்சுதான் கண்ணாடியில ஒட்டுது." விரலை நீட்டினார்.

"தொடாதீங்கண்ணே!"

அவள் கணவன் மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிப்பவன். அவன் இறந்துபோனதும் சட்டைகளையெல்லாம் மாமியார் துவைத்துப் போட்டுவிட்டாள். அவன் வாசனை மிச்சமிருந்தது இந்தக் காருக்குள் மட்டும்தான். அது வெளியேறிவிடக் கூடாதென்று, ஜன்னலைக்கூட இறக்காமல் இத்தனை நாளும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள இன்னும் அவர் வாசனை இருக்குண்ணே."

மெக்கானிக் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். "நீயே பாத்துக்கம்மா," என்று இறங்கி நின்றார்.

பின்னிருக்கையில், பிரேக் போட்ட அதிர்ச்சி தெளியாமல், மகள் பெல்ட்டை இரு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மகளைத் திரும்பிப் பார்த்தவள், ஒருமுறை மூச்சை ஆழமாக உள்ளிழுத்தாள். பிறகு பட்டனை அமுக்கி விடுவித்தாள். கண்ணாடியின் கீழ்விளிம்பிலிருந்து சாலை மெல்லத் தெரியத் தொடங்கியது.