வெள்ளி வண்டிக்குக் கறுப்புக் கிராங்க்

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. என் மேல்வரிசையில் ஒரு பல் உடைந்தது. மருத்துவர் அளவெடுத்துவிட்டு, "நிறம் பாக்க நேரா லேபுக்கே போயிடுங்க, அந்தம்மா கண்ணு தனி" என்று அனுப்பிவைத்தார். போனால், பல் செய்கிறவர் ஒரு பெண். நாற்பத்து மூன்று வயது, விரல்நகங்களில் வெள்ளைப் பொடி. மாதிரிப் பற்களின் வரிசையை விசிறிபோல விரித்து என் உதட்டோரம் வைத்துப் பார்த்தார்.

பேரம் பேசியே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. கை சும்மா இருந்தாலும் வாய் இருக்காது. நிறத்துக்கும் பேரம் பேசினேன்.

"இன்னும் ரெண்டு படி வெள்ளையா போடுங்களேன்."

"போடலாம் சார். அப்புறம் அது மட்டும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும், மத்ததெல்லாம் வேலைக்கு வந்த மாதிரி இருக்கும்."

"சரி, ஒரு படி?"

"புதுப் பல்லோட வேலையே புதுசுன்னு தெரியாம இருக்கறதுதான்."

தோற்றேன். தோற்றவன் கையில் ஏதாவது வைத்து அனுப்புவது வியாபார மரியாதை. அவர் மேசையில், மெழுகுத் தாடைகளுக்கு நடுவே, சைக்கிள் கிராங்க் ஒன்று கிடந்தது. பெடலுக்கும் அச்சுக்கும் நடுவே இருக்கும் அந்த அலுமினியக் கை. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஆனால் நட்டநடுவில் சுத்தமாக இரண்டாக அறுபட்டிருந்தது.

"இது யாரோட பல்லு?" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்.

2

கேட்டதை எழுத உட்கார்ந்தேன்.

*அந்தச் சைக்கிள் ஒரு கவிதை* — வேண்டாம். சைக்கிளைக் கவிதை என்கிறவன் மேட்டில் அதை மிதித்திருக்க மாட்டான்.

*காலை வெயில் அந்த அலுமினியத்தின் மேல் வழுக்கி* — வழுக்கி எங்கே போயிற்று? தெரியாது. விட்டுவிட்டேன்.

*மனிதர்களைப் போலவே உதிரிபாகங்களுக்கும்* — இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

சரி, சரக்கை நேராக எடுத்து வைக்கிறேன். அண்ணன் புதுச் சைக்கிள் ஷோரூம் திறந்தார். கல்லாவுக்குப் பின்சுவரில் இரண்டு கொக்கிகள் அடித்தார். மேலே ஒரு விளக்கும் போட்டார். பிறகு, அந்தக் கொக்கிகளில் மாட்டத் தங்கையின் சைக்கிள் வேண்டும் என்றார்.

தங்கை என்றால் நம் பல்காரிதான். வீட்டில் அவளுக்கு மெருகு என்று பெயர். சின்ன வயதில் கதவுத் தாழ்ப்பாளைக்கூடத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவாளாம். (கதைக்குள் 'அவள்', நேரில் 'அவர்'. நேரில் அவர் கையில் அறுக்கும் தகடு சுழன்றுகொண்டிருக்கும்.)

3

கட்டுரை எழுதும் ஆசை தலைதூக்குகிறது. கொஞ்சம் இடம் கொடுத்துவிடுகிறேன்.

மெருகுவின் வண்டி பழைய பந்தய வண்டி. விரல் பருமனில் இரும்புக் குழாய்கள். கிராங்க், பிரேக், அச்சு எல்லாம் வெள்ளி நிறம். பிரேக் கம்பிகள் கைப்பிடியிலிருந்து எழும்பி, வளைந்து, இறங்கும். எதையும் மறைக்கத் தெரியாத வண்டி. கியர் மாற்ற, சாய்ந்த குழாயின் பக்கவாட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு நெம்பு. அதற்கு 'டக்' என்ற சத்தமே கிடையாது. எங்கே நிறுத்துவது என்று காதால் கேட்டுக் கையால் தேட வேண்டும்.

அண்ணன் விற்பவை எல்லாம் மங்கல் கறுப்பு. தடித்த கரிநார்ச் (கார்பன் ஃபைபர்) சட்டம். பொத்தானைத் தொட்டால் பேட்டரி கியரை மாற்றும். ஒரு கம்பி வெளியே தெரியாது. எல்லாம் உள்ளுக்குள்ளேயே ஓடும், பெரிய குடும்பத்துச் சண்டை மாதிரி.

எது அழகு? என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் விலை சொல்வேன். மழையில் பழைய பிரேக் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். புதியது சொன்ன இடத்தில் நிற்கும். நிற்பதும் அழகுதான், எதிரே லாரி வரும்போது. ஆனால் பழைய பாகத்தைப் பார்த்தாலே அது என்ன வேலை செய்கிறது என்று புரிந்துவிடும். புதியதைப் பார்த்தால், அதற்குள் வேலை நடக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

(இங்கே இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. என் மனைவி படித்துவிட்டு, "கதை எப்ப வரும்?" என்றாள். வந்துவிட்டது.)

4

"அது வண்டியில்ல மெருகு, நகை. நகையை யாராவது ரோட்ல ஓட்டுவாங்களா?" என்றார் அண்ணன்.

"நகையை யாராவது சுவத்துல மாட்டுவாங்களா?"

"எத்தனை பேர் பாப்பாங்க தெரியுமா? கீழே லேபு வாசல்ல அதை யாரு பாக்கறா?"

"பாக்கறதுக்கு நான் வாங்கல. பன்னெண்டு வருஷமா அதுலதான் வேலைக்குப் போறேன்."

"வேலைக்கு சரி. போன வருஷம் மலைமேல கடைசி மூணு வளைவு தள்ளிக்கிட்டுதானே வந்தே? ஏற முடியாத வண்டி இருக்க வேண்டிய எடம் சுவரு."

குத்தல் சரியான இடத்தில் இறங்கியது. மலைச்சாலையில் பதினான்கு வளைவுகள். போன வருடம் அண்ணன் வாடிக்கையாளர்களின் கறுப்பு வண்டிகள் எல்லாம் அவளைத் தாண்டிப் போயின. கடைசி மூன்று வளைவுகளில் அவள் இறங்கித் தள்ளியதும் உண்மை.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஏறறேன்" என்றாள் மெருகு. "கால் கீழ ஊனாம. ஊனினா வண்டியை எடுத்துக்க. ஊனலைன்னா கொக்கியைப் பிடுங்கு."

"யாரு பாக்கறது?"

கல்லாவிலிருந்து அண்ணி தலையைத் தூக்கினார். "நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றேன். இந்த வீட்டுல யாராவது ஒருத்தராவது உண்மையைப் பாக்கணுமில்ல?"

5

ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

முதல் பிரதியில் அண்ணனை [பேராசை பிடித்த, தங்கையின் உயிரைப் பிடுங்கி விளம்பரமாக்கத் துடித்த] என்று எழுதியிருந்தேன். வியாபாரியை வில்லனாக்குவது சுலபம். நானே அந்தக் கூட்டம், எங்கே தட்டினால் சத்தம் வரும் என்று தெரியும். நிறம் சரிபார்க்க இரண்டாம் முறை லேபுக்குப் போனபோது பிரதியைக் காட்டினேன். மெருகு அந்த வரியில் விரலை வைத்தார்.

"எங்கண்ணனை இப்படி எழுதினா உங்க பல்லை மஞ்சளாப் போட்டுடுவேன்."

அழித்துவிட்டேன். உண்மை வேறு: அந்த ஷோரூமில் நிற்கும் அத்தனை வண்டிகளையும்விடத் தங்கையின் வண்டிதான் அழகு என்று அண்ணன் மனதார நம்பினார். சிக்கலே அதுதான். அழகானதை யாரும் தொடக் கூடாது, மேலே தூக்கி வைத்து விளக்குப் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். மேலே வைத்ததைத் துடைக்க வேண்டுமே தவிர ஓட்டக் கூடாது. மெருகுக்கோ, ஓடாத நாளில் அந்த வண்டி அழகாகவே தெரியாது.

6

சனிக்கிழமை மதியம். லேபில் வேலை முடித்து, நாளைய மலைக்காக மெருகு வண்டியைக் கழற்றித் துடைத்தாள். கிராங்கை, பல்லுக்குப் பளபளப்பு ஏற்றும் துணிச்சக்கரத்தில் பிடித்தாள். கடைசிப் பளபளப்பு ஏறியதும், செயின் ஓடும் பல்சக்கரத்தைத் தாங்கும் கிராங்கின் ஐந்து விரல்களில் ஒன்றின் அடியில் முடி கிடப்பது தெரிந்தது. ஊதினாள். போகவில்லை. அந்த இடத்தில் மை தடவி அழுத்தித் துடைத்தாள். மை போயிற்று. கோடு மட்டும் மை குடித்துக்கொண்டு நின்றது.

விரிசல்.

கறுப்புப் பூச்சாக இருந்தால் உடையும் நாள்வரை தெரிந்திருக்காது. வெள்ளி காட்டிக்கொடுத்துவிட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, ஓட்டிடாதே!" என்றார். முதல் வார்த்தை அதுதான், அவர் பக்கம் இதை எழுதிவைக்கிறேன். இரண்டாவது: "சரி விடு. சுவத்துல தொங்கறதுக்கு விரிசல் இருந்தா என்ன? அப்படியே கொண்டா. யாருக்கும் தெரியாது."

"தெரியாதுல்ல?"

"சத்தியமா தெரியாது."

"அதான்" என்று போனை வைத்தாள்.

அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. விரிசல் கண்ட எதையும் மேசையில் முழுசாக விடக் கூடாது. தவறி யாராவது எடுத்துப் பெட்டியில் போட்டு, அது யார் வாய்க்காவது போய், சோற்றில் உடையும். அதனால் கண்டவுடன் குறுக்கே அறுத்துவிடுவார்கள். எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் சரி, எத்தனை நாள் உழைப்பாக இருந்தாலும் சரி.

மெருகு கண்ணாடியை மாட்டினாள். தகட்டைச் சுழற்றினாள்.

(அறுக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன். கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "முகமூடி போட்டிருந்தேன் சார், தூள் பறக்குமில்ல.")

7

இரண்டு துண்டுகளையும் கல்லாமேல் வைத்ததும் அண்ணன் அவற்றை எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்.

"உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"விரிசல் விழுந்தா அறுக்கணும். வேற கிராங்க் குடு. நாளைக்கு ஏறணும்."

"பந்தயத்தை விட்டுடலாம் மெருகு. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு."

"கிராங்க் குடுன்னேன்."

அண்ணன் உள்ளே போனார். வாடிக்கையாளர் ஒருவர் மாற்றிவிட்டுப் போன கறுப்புக் கிராங்க் ஒன்றை எடுத்துவந்தார். திருப்பிப் பார்த்தார். "இதுல உள்பக்கச் சக்கரம் உன்னோடதைவிட நல்லா சின்னது. மேட்டுல லேசா இருக்கும்."

"அப்ப நீ தோத்துடுவே."

"நான் கடைக்காரன். தோக்கறதுன்னாலும் நல்ல சாமானாத்தான் குடுப்பேன்."

வேறு யாரையும் தொடவிடாமல் தானே உட்கார்ந்து மாட்டினார்.* "பழைய செயின் இதுல உரசும்."

"உரசட்டும். உரசினா காதுல கேக்கும். நெம்பை ஒரு நூல் தள்ளினா நின்னுடும். உன் பேட்டரிக்குத்தான் அளவு பிசகக் கூடாது, என் நெம்பு எதுக்கும் ஒத்துப்போகும்."

மாட்டி முடித்து அண்ணன் நான்கடி பின்னால் வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"மோதிரக் கையில ரப்பர் பேண்டு போட்ட மாதிரி இருக்கு."

"உன் கடையில இருக்கறது எல்லாமே கறுப்புதானேண்ணே!"

"கறுப்பு கறுப்போட இருக்கணும், வெள்ளி வெள்ளியோட இருக்கணும். இது ரெண்டுங்கெட்டான். இந்தக் கோலத்துல என் சுவத்துக்கு வராது."

அண்ணி ரசீதுப் புத்தகத்திலிருந்து நிமிரவேயில்லை. "அப்பாடா. என் தலைக்கு மேல வண்டி தொங்கினா நான் கல்லாவை மாடிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

மெருகு வண்டியைத் திருப்பினாள். "அண்ணி, காலையில ஆறு மணி."

———
\* "அச்சுக் கிண்ணத்தின் வலப்பக்க மரையை வலப்பக்கம் திருப்பி இறுக்கினார்" என்று எழுதியிருந்தேன். மெருகு திருத்தினார்: அந்த ஒரு பக்கம் மட்டும் இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் பலம் காட்டுகிறவர்கள் அங்கேதான் மரையைத் தின்றுவிடுவார்களாம். என் வாக்கியம் தின்னாமல் தப்பியது.

8

முதல் ஐந்து வளைவுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, யாரும் ஏறுவார்கள். ஆறாவதில், பின்னால் ஸ்கூட்டரில் வந்த அண்ணியோடு பேச்சு நின்றது. எட்டாவதில் செயின் உரசியது. கையை இறக்கி நெம்பை ஒரு நூல் தள்ளினாள், நின்றது. ஒன்பதாவதில் இரண்டு கறுப்பு வண்டிகள் தாண்டின. ஒருவன் கீழே கறுப்புக் கிராங்கைப் பார்த்து, "என்னக்கா, ஒரு கால்ல மட்டும் ஷூவா?" என்றான். பதில் சொல்லும் மூச்சை மிதிக்கச் செலவிட்டாள். பதினொன்றாவது வளைவில், போன வருடம் இறங்கிய அதே மைல்கல். அதைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்துக்கு ஒரு கை முன்னால் இருந்த தார்ச்சாலையை மட்டும் பார்த்தாள். அது முடிந்ததும் அடுத்த ஒரு கை தூரம். பன்னிரண்டு. தொடை கல்லாயிற்று. கறுப்புக் கிராங்க் மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்து, விழுந்து, மறுபடி மேலே வந்தது.

பதின்மூன்றாவதில் கீழிறங்கி வந்த லாரி அகலமாகத் திரும்பியது. மெருகு ஓரத்துக்கு ஒதுங்கினாள். சரளைக்கல். வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது. அவள் வலக்கால் பெடலிலிருந்து

9

இங்கே நிறுத்துகிறேன்.

ஒரு முடிவு: கால் காற்றில் ஒரு கணம் தவித்துவிட்டுப் பெடலுக்கே திரும்பியது. இன்னொரு முடிவு: கட்டைவிரல் நுனி சரளையைத் தொட்டது. இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன், இரண்டும் மோசமில்லை.

சாட்சியைக் கேட்டேன். அண்ணி, "எனக்கு லாரிதான் தெரிஞ்சுது" என்றார். தலைக்கு மேல் வண்டி தொங்குவதை விரும்பாத சாட்சி. அதை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

மெருகுவையே கேட்டேன். "கால் தொட்டுச்சா இல்லையா?"

"ஆ காட்டுங்க" என்றார். மாதிரிப் பல்வரிசை வாய்க்குள் இருக்கும்போது யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்து பிரதியைத் திருப்பியபோதுதான், ஏழாம் பகுதியில் அண்ணன் சொன்ன ஒரு வரியில் கண் நின்றது. இத்தனை வருடம் கடை வாசலில் வளர்ந்தும் எப்படித் தவறவிட்டேன்? 'இந்தக் கோலத்துல என் சுவத்துக்கு வராது.' வாங்குகிறவரே வேண்டாம் என்ற பிறகு பந்தயம் எங்கே? சனிக்கிழமையே வண்டி தப்பிவிட்டது. மறுநாள் ஓடிப்போனேன்.

"உங்கண்ணன் வேணாம்னு சொன்னதுமே ஜெயிச்சாச்சே. அப்புறம் எதுக்கு அந்த மேட்டுல உயிரை விட்டீங்க?"

"மலைக்கு அது தெரியாதே சார்."

"அந்தக் கறுப்பைச் சுரண்டி வெள்ளியாக்கிடலாமே. உங்ககிட்ட இல்லாத சக்கரமா?"

"வாய்க்குள்ள பொய் சொல்லலாம், நாலு பேர் முன்னாடி சிரிக்கணும். வண்டி எதுக்கு சார் பொய் சொல்லணும்? பழசுல விரிசல் விட்டுச்சு, புதுசு வந்துச்சு. தெரியட்டும்."

ஆக, முடிவை உங்கள் கையில் தருகிறேன். கால் தொட்டதா இல்லையா, இரண்டில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கிகள் சுவரிலேயே இருக்கின்றன, வெறுமையாக; விளக்கும் எரிகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்பதும் உங்கள் பாடு.

ஆனால் ஒன்றில் நான் இறங்கி வர மாட்டேன். அன்று மாலை லேபைப் பூட்டிவிட்டு, என் கண்முன்னால் அவர் அந்த வண்டியில் ஏறினார். வெள்ளி, வெள்ளி, நடுவில் ஒரு கறுப்பு. தெருமுனை மேட்டில் செயின் உரசும் சத்தம் கேட்டது. ஒரு கை கைப்பிடியை விட்டுக் கீழே இறங்கியது. ஒரு நூல் தள்ளியது.

சத்தம் நின்றது. வண்டி ஏறியது.