பக்கத்துக்குப் பக்கம் பச்சை டிக்

...பஷீருதான், வேறு யார், இந்தக் கடிதத்துக்குப் பின்னால் அவனைத் தவிர வேறு யார் இருக்க முடியும் என்று ஃபாடேயி நூற்றுப் பதினேழாவது முறையாக அதைப் பிரித்தார், ‘தங்கள் முத்திரையுடன் செவ்வாய் காலை பத்து மணிக்கு நேரில் வரவும்’, அவ்வளவுதான், காரணம் கிடையாது, முப்பத்தோரு வருடம் உரிமம் வைத்திருக்கும் கட்டட அளவையாளரை, இபாடான் நகரில் பாதிக் கட்டடங்களுக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கம்பி என்று கட்டுவதற்கு முன்பே சொன்ன மனிதரை, பென்சில் திருடிய பையனைக் கூப்பிடுகிற மாதிரி அபுஜாவுக்கு வரவழைத்திருக்கிறது உரிமம் கொடுக்கும் வாரியம்... வாரியத்தின் காத்திருப்பறையில் எதிர் நாற்காலியில் ஒருவன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான், அரைமணியாக ஒரே பக்கம், எந்த மனிதன் ஒரு பக்கத்தை அரைமணி நேரம் படிப்பான், வேவு பார்க்க வந்தவனைத் தவிர? தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிய வேகத்தில் ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு தேர்தல் நடத்திவிடலாம். நேற்று இபாடானில் கிளம்பும்போதே மனைவி, பிள்ளை பெயரை வைத்தே இவரைக் கூப்பிடுகிறவள், சொன்னாள், “பாபா டமி, எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். அந்த பஷீரு வாசல்ல நின்னு சிரிக்கிற சிரிப்பே எனக்குப் பிடிக்கல.” அவளுக்கு இறைச்சிக் கடைக்காரன் சிரிப்பும் பிடிக்காது, மருமகன் சிரிப்பும் பிடிக்காது, ஆனாலும்... ஆனாலும் பஷீருவுக்குக் காரணம் இருக்கிறதே, நாற்பத்தெட்டு வயது, பதினோரு வருடமாக இவர் அலுவலகத்தில் எண்களைப் போடுகிறவன், அவன் வாரியத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போக உரிமம் பெற்ற ஒருவர் கையெழுத்து வேண்டும், அந்தப் படிவம் இரண்டு வருடமாக இவர் இழுப்பறையில் கிடக்கிறது, “அடுத்த வாரம் பஷீரு, அடுத்த வாரம்”, கையெழுத்துப் போட்டால் உரிமம் வாங்குவான், வாங்கினால் போய்விடுவான், போய்விட்டால்... அதை யோசிக்கக் கூடாது.

ஆனால் அதைத்தானே யோசிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது, தானே வரி வரியாகச் சரிபார்த்த கட்டட அளவுப் பட்டியலில் மட்டும்தான் முத்திரை குத்தலாம், அடுத்தவன் வேலைக்கு முத்திரையை இரவல் கொடுத்தால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும், பெயருக்கு முன்னால் இருக்கும் ‘கியூ.எஸ்.’, கட்டட அளவையாளர் என்ற அந்த இரண்டெழுத்துப் பட்டம், போய்விடும், சர்ச்சில் எல்லாரும் கியூ.எஸ். என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு பாதிரியாருக்கே இவர் சொந்தப் பெயர் மறந்துபோய்விட்டது, அது போனால் இவரை எப்படிக் கூப்பிடுவார்கள்... இரவலா கொடுத்தேன்? இல்லையே, முத்திரையை என் கையால்தானே குத்துகிறேன், முதல் பக்கம் பார்க்கிறேன், கடைசிப் பக்கம் பார்க்கிறேன், இரண்டிலும் என் பச்சை மையில் டிக் போடுகிறேன், இந்தத் தொழிலில் எண் போட்டவன் கறுப்பு, சரிபார்ப்பவனுக்கு அவனவன் நிறம், என் பச்சை நைஜீரியா முழுக்கத் தெரியும், கானாவிலும் இரண்டு பேருக்குத் தெரியும், நடுவில் இருக்கும் அறுபது பக்கம் மட்டும்... அது பஷீருவுக்குத் தெரியும். பஷீருவுக்கு மட்டும்தான் தெரியும்.

“கியூ.எஸ். ஃபாடேயி, உள்ள வாங்க சார்” என்ற குரல் கேட்டதும் செய்தித்தாள் சரிந்து விழுந்தது, அவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், நடிப்பாகவும் இருக்கலாம். மேடம் ஓசாகி என்ற அந்த அதிகாரி ஒரு தடித்த கட்டைத் திருப்பி இவர் பக்கம் நகர்த்தினாள், அபேயோகுட்டாவில் கட்டப்போகிற மருத்துவமனையின் அளவுப் பட்டியல், போன மாதம் இவர் முத்திரை குத்தியது, குலுக்கல் முறையில எடுத்தோம் சார் என்றாள், குலுக்கலாம், கேட்கிறவன் கேனையனா, தொண்ணூறு லட்சம் பட்டியலில் என் பட்டியல் மட்டும் தானாக எழுந்து வந்து உட்கார்ந்ததாக்கும்... இதோ நடுப்பக்கத்தைத் திறக்கப்போகிறாள், வெறுமையாக இருக்கப்போகிறது, திறந்தாள், பச்சை. அடுத்த பக்கம், பச்சை. வரிக்கு வரி டிக், வால் மேலே வளைந்து தொங்கும் அதே கொக்கி, என் கொக்கி, நான் போடாத கொக்கி... “இதெல்லாம் உங்க டிக் தானே சார்?” இல்லை என்றால் பஷீரு ஒழிந்தான், கள்ளக் குறி, போலீஸ், ஆனால் உடனே கேட்பாளே, அப்ப உங்க டிக் எது, நடுப்பக்கத்தில் என் குறி இருக்கவே இருக்காது மேடம், முப்பத்தோரு வருடத்தில் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை என்று சொல்லவா? ஆமாம் என்றால்... அதைத்தான் அவன் எதிர்பார்க்கிறானோ, என் வாயாலேயே பொய் சொல்ல வைத்து, அப்புறம் அவன் வந்து, மேடம், அது நான் போட்டது...

“ஆமா மேடம். நம்மளுதுதான்.”

“பேருக்கு முதல் பக்கம், கடைசிப் பக்கம் டிக் போட்டுட்டு நீட்டுற பெரியவங்களைத்தான் சார் தினம் பாக்குறேன்” என்று அவள் சிரித்தாள், இவருக்குக் காது மடல்வரை எரிந்தது, தெரிந்துதான் சொல்கிறாளா, “நாப்பத்தொண்ணாம் பக்கத்துல படிக்கட்டு ரெண்டு தடவை அளந்திருந்ததைக் கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்கீங்க பாருங்க, இந்த வயசுல என்னா கண்ணு சார் உங்களுக்கு!” படிக்கட்டா? அந்த மருத்துவமனைக்குப் படிக்கட்டு இருக்கிறது என்பதே அந்த நொடியில்தான் அவருக்குத் தெரிந்தது, எண்ணைப் போட்டவனும் அவன், தப்பைப் பிடித்தவனும் அவன், என் மையில், என் கொக்கியில், என்னைவிட நானாக... “நல்லது, போய்ட்டு வாங்க சார்.”

வெளியே வெயிலில் வந்து நிற்பதற்குள் தொலைபேசி அடித்தது. “ஓகா, என்ன சொன்னாங்க?” பஷீரு, முதலாளியை ஓகா என்றே கூப்பிடுகிறவன். ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்றார். “எல்லாமேவா ஓகா? படிக்கட்டும்?” அந்தக் குரலில் பயம் துளிகூட இல்லை, குற்றவாளியின் குரல் இல்லை, விசுவாசியின் குரலும் இல்லை, பரீட்சை எழுதிவிட்டு மதிப்பெண் கேட்கிறவனின் குரல் அது, அப்படியானால் இன்று உள்ளே போய் உட்கார்ந்து தேறிவந்தது... யார்?