கால் மணி நேரம்

காலரா வந்த வருஷம் அது, தொண்ணூற்றிரண்டு. கேளம்பாக்கத்து உப்பளத்துப் பக்கம் இருந்த அந்த நாற்பது வீடுகளுக்கு இரண்டு ஞாயிறாகப் பூசை இல்லை. கூட்டம் கூடக் கூடாதென்று சுகாதார ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பங்குச் சாமியாருக்கோ ஒன்பது ஊர். எத்தனை இடத்துக்குத்தான் ஓடுவார்? ஐந்து நற்கருணை அப்பங்களைச் சிமிழில் வைத்து சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்தும் உபதேசியார் ஏசுபாதத்திடம் கொடுத்தார்.

"படுக்கையில கெடக்கறவங்களுக்குக் குடுங்க. வாந்தி நிக்காதவங்களுக்கு மட்டும் வேணாம். ஆண்டவரோட சரீரம், கீழ விழக் கூடாது."

ஏசுபாதத்துக்கு அந்த உத்தரவு வெல்லமாக இனித்தது. வெளியில் சொல்வாரா? நாலு நாளைக்கு முன்னால்தான் கூடப் பிறந்த தம்பியைக் கல்லறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அதிலிருந்து அடுத்த வீட்டுச் செம்பைத் தொடக்கூடப் பயம். வாசலிலேயே நின்று மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு செபம் சொல்வார், நகர்ந்துவிடுவார். கேட்டால், வாந்தி நிற்கவில்லையே என்பார். சிமிழ் கொடுத்தது கொடுத்தபடி இருந்தது.

அன்று மத்தியானம் உப்பளத் தொழிலாளி சின்னப்பன் ஓடி வந்தான்.

"உபதேசியாரே, எம் பொஞ்சாதி நன்மை கேக்குது. ஆசுபத்திரி வண்டி வந்துகினு கீதாம். ஏத்திட்டாங்கன்னா கூட ஒருத்தரயும் வுட மாட்டாங்க. சீக்கிரம் வாங்க!"

நன்மை என்றால் அங்கே நற்கருணைதான். கேட்டவளோ அருள்மேரி. கோயிலில் பாட்டெடுத்துக் கொடுப்பவள். பூசை நின்ற இரண்டு ஞாயிறும் தன் வாசலில் நின்று அவள் உரக்கப் பாடினாள். சனங்கள் அவரவர் வாசலில் நின்று கூடப் பாடினார்கள். உபதேசியார் செய்திருக்க வேண்டிய வேலை அது. அப்படிப்பட்டவளுக்கு இல்லையென்று சொல்ல எந்த முகத்தோடு போவது?

போனார். கயிற்றுக் கட்டிலில் கண் குழிந்து, விரல்கள் சுருங்கிப்போய்க் கிடந்தாள். முப்பது வயது என்றால் யார் நம்புவார்கள்? நாத்தனார் தனம், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி உள்ளே போனது, பாதி வெளியே வந்தது.

ஏசுபாதம் வாசற்படியைத் தாண்டவில்லை. "வாந்தி நிக்கலையேம்மா. ஆண்டவர் கீழ விழக் கூடாதுன்னு சாமியார் உத்தரவு. மீறி நான் எப்டி குடுக்கறது?"

"எவ்ளோ நேரம் நிக்கணும்ண்ணா?"

மனுஷன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "கால் மணி நேரம்."

"கடியாரத்தப் பாருண்ணா."

பார்த்தார். ஏழாவது நிமிஷம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. தனம் சட்டியைப் பிடித்தாள். ஏசுபாதம் பெருமூச்சு விட்டார். வருத்தமா? மண்ணாங்கட்டி. நிம்மதி! அது அவருக்கே நன்றாகத் தெரிந்தது.

"இன்னொரு வாட்டி," என்றாள் அருள்மேரி.

தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பன்னிரண்டாவது நிமிஷம் மறுபடியும் வாந்தி. சின்னப்பன் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். வண்டி வந்தால் தேவலை என்று ஒரு மனசு, கொஞ்சம் பொறுத்து வந்தால் தேவலை என்று ஒரு மனசு.

மூன்றாம் தடவை. பத்து நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டு தாண்டியது. பதினாலு. ஐயோ, பதினைந்தும் ஆகிவிட்டது! அருள்மேரி வாயைத் திறந்தாள். இனி என்ன சாக்கு இருக்கிறது?

உள்ளே போனார். அப்பத்தில் சின்னத் துணுக்காகக் கிள்ளி, விரல் படாமல் நாக்கில் வைத்தார். தனம் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள். விழுங்கிவிட்டாள் மகராசி. அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. நாலே நிமிஷம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். மேலே வந்ததை உள்ளே தள்ளப் பார்த்ததில் புரையேறிக் கண் பிதுங்கியது.

"கைய எடுடி, செத்துப்பூடுவ!" என்று தனம் அலறினாள்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கீழே விழக் கூடாதாம். ஏசுபாதத்துக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"வுடும்மா! வாந்தி எடு! சிலுவையத் தூக்கினு போவசொல்ல மூணு வாட்டி மண்ணுல வுழுந்தவரு அவரு. அவருக்கு ஒண்ணும் ஆவாது. நீ மூச்ச வுடு!"

அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. ஏசுபாதம் துண்டை வீசிவிட்டு மண்டிபோட்டார். அவள் கைகளைப் பிடித்து விலக்கி, தன் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

"மண்ணுல வேணாம்னா, இந்தா, என் கையில எடு."

எடுத்தாள். அரிசி கழுவின தண்ணீராக, வெதுவெதுவென்று அவர் முழங்கை வரைக்கும் வழிந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆஸ்பத்திரி ஆள் வாசலில் நின்று கத்தினான். "யோவ், இன்னாய்யா பண்ற? கையக் கழுவுய்யா!"

"கழுவறேன், இரு." கையில் இருந்ததையே உற்றுப் பார்த்தார். வெள்ளையாய் ஒரு பொடி தெரிந்தது. "சின்னப்பா, ஒரு செம்பு தண்ணி எடு. ஆள் மெதிக்காத எடமாப் பாத்து ஒரு குழி வெட்டு. மொதல்ல ஆண்டவர அங்க சேக்கணும். அப்பறமா பிளீச்சிங் பவுடரக் கொண்டா."

அருள்மேரியைத் தூக்கினார்கள். "வெளிய வந்துட்டாராண்ணா?" என்றாள், காதில் விழுந்தும் விழாமலும்.

"நாலு நிமிசம் உன்னாண்ட இருந்தாரும்மா. அவருக்கு அது போதும். போய்ட்டு வா."

வண்டி போயிற்று. கையில் இருந்ததைச் செம்புத் தண்ணீரோடு குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினார். பவுடர் போட்டு முழங்கை வரை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினார். பிறகு சிமிழை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். யேசுதாசன் வீடு அது, அங்கேயும் வாந்திதான். வாசலில் நிற்காமல் நேரே உள்ளே போய்ப் பாயோரம் உட்கார்ந்தார்.