கடைசிப் பதினொரு பாட்டு

மூன்றாவது முறை அந்த அழைப்பு வந்தபோது நூர்நிஷா யாப்பிலக்கண வகுப்பை முடித்துவிட்டு ஆசிரியர் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நின்றபடியே எடுத்தாள்.

"டீச்சர், அந்தப் பதினொரு பாட்டையும் புஸ்தகத்துல இருந்து எடுத்தாச்சா?"

அதே குரல். அதில் அதட்டல்கூட இல்லை. நாளைக்குப் பால் வேணுமா என்று கேட்பதுபோல் கேட்டது.

"நீங்க யாருன்னு சொல்லுங்க."

"அது எதுக்கு? உங்க புள்ள எட்டாங்கிளாஸ் பி செக்சன்தானே. நாலேகாலுக்கு வேன்ல ஏறுதா. நல்லாப் படிக்கட்டும்."

போன் அணைந்தது. நூர்நிஷா வாட்ச்மேனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

ஆறுமுகநயினார்ப் புலவர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் மேலகரத்தில் வாழ்ந்தவர். முருகன்மேல் அவர் பாடிய நூறு பாட்டை இன்றைக்கும் தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் வாய்விட்டுப் பாடுகிறார்கள். இதுவரை அச்சான புத்தகம் எல்லாவற்றிலும் நூறுதான் இருந்தது. புலவரின் வழியில் ஆறாவது தலைமுறையான வடிவாம்பாள் வீட்டு ஏட்டில் மட்டும் நூற்றுப் பதினொன்று இருந்தது. ஊரில் வாந்திபேதி பரவிய வருஷம் புலவரின் மகள் படுத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றார்கள். ஒரு முஸ்லிம் நெசவாளிதான் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துப் பிழைக்கவைத்தார். அந்த நெசவாளி தொழுத இறைவனைப் பற்றியவை கடைசிப் பதினொரு பாட்டு.

நூர்நிஷா அதைப் பதிப்பிக்கிறாள் என்ற செய்தி அச்சகத்திலிருந்து கசிந்தது. 'புலவரை மதம் மாத்தப் பாக்கா' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அவளுடைய தெருப் பெரியவர் ஒருவரும், "உள்ளதோ இல்லாததோ, நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்று கேட்டுவிட்டுப் போனார். சவுதியில் தம்மாமிலிருந்து கணவன் சலீம், "புஸ்தகம் வராட்டி யாரு செத்துப்போவா? விட்டுத்தொலை நூரு" என்றான்.

அதுவரை அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. இப்போது மகள் அஃப்ஷான் வேன் ஏறும் நேரம் வரைக்கும் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, தான் வராமல் பிள்ளையை யாரோடும் அனுப்பவேண்டாம் என்றாள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். வடிவாம்பாள் பதிப்புக்காகக் கொடுத்திருந்த ஏட்டுக்கட்டைத் துணியில் சுற்றி, கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினாள். ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நூறு பாட்டோடு நிறுத்தச் சொல்லி அச்சகத்துக்குச் சொல்லிவிடவேண்டியதுதான். சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பைக் மேலகரம் வரை வந்தது. அவள் இறங்கியதும் அது பாட்டுக்குக் குற்றாலம் போனது.

வடிவாம்பாள் வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் உள்ளேயிருந்து, "டீச்சரே வந்துட்டாங்களே" என்றது போனில் கேட்ட அதே குரல்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் தாடி வைத்த இளவட்டம் ஒருவன். எதிரே கட்டிலில் வடிவாம்பாள். போலீஸில் ஏட்டம்மாவாக, அதாவது ஹெட் கான்ஸ்டபிளாக, இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்குப் பயம் என்று ஒன்று உண்டென்று நூர்நிஷா நினைத்ததே இல்லை. இன்றைக்கு வடிவாம்பாள் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"ஓலை வேணுமாம்மா இவங்களுக்கு" என்றாள் வடிவாம்பாள். "ஆடிப்பெருக்குக்குச் சித்தாத்துல விட்டுட்டேன்னு சொல்லுதேன். நம்பமாட்டேங்காங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் நூர்நிஷாவைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சர்கிட்ட இருக்குன்னுல்லா கேள்விப்பட்டோம். பையில என்ன?"

"சாப்பாடு."

"எங்க, பாப்போம்" என்று இளவட்டம் எழுந்தான்.

பைக்குள் போன அவள் கையில் ஏட்டுக்கட்டின் மூலை தட்டுப்பட்டது. கொடுத்துவிடத்தான் வந்தாள். எடுத்து நீட்டினால் எல்லாம் முடிந்துபோகும். ஆனால் கை அதை விட்டுக் கொடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"ஓலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றாள். குரல் யாருடையதோபோல் ஒலித்தது. "ஒவ்வொரு ஏடா ஸ்கேன் எடுத்து, மூணு யுனிவர்சிட்டிக்கு அனுப்பி ஒரு மாசமாச்சு. நான் பாட்டை எடுத்துட்டாலும் அவங்க போடுவாங்க."

ஒரு ஏடுகூட அவள் ஸ்கேன் எடுத்திருக்கவில்லை.

இளவட்டம் வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தைப் பார்த்தான். அந்த இடைவெளியில் வடிவாம்பாள் கட்டிலிலிருந்து எழுந்து நின்றாள். "கேட்டாச்சில்லா? பொம்பளைக பையில கைய வைக்கதுக்கு முன்னால ஒண்ணு யோசிச்சுக்கிடுங்க. இங்க எஸ்.ஐ.யா இருக்கவன் எங்கிட்ட டிரில் படிச்சவன்."

வெள்ளைச் சட்டைக்காரர் நிதானமாகச் செருப்பை மாட்டினார். "புள்ளையப் பத்திரமாப் பாத்துக்கிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வடிவாம்பாள் கதவைத் தாழிட்டாள். அப்படியே கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எஸ்.ஐ. யாருன்னே எனக்குத் தெரியாதும்மா."

"நானும் ஸ்கேன் எடுக்கலக்கா."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. நூர்நிஷா ஏட்டைப் பிரித்தாள். கடைசி ஏட்டில் எழுத்து கோணிக்கொண்டு போகும். பாட்டில் வரும் பயத்தை வெறும் கவிமரபாக எண்ணி, புலவருக்கு வயதாகிவிட்டது என்று முன்னுரையில் எழுதியிருந்தாள். இப்போது அந்தப் பாட்டை எட்டிப் பார்த்த வடிவாம்பாளுக்குப் பொருள் சொல்லத் தொடங்கினாள். என் முருகன் அறிவான், நான் அவனை விடவில்லை. ஊர் என்னைத் தள்ளிவைக்கும், அதுவும் தெரியும். பயத்தில் கை ஆடுகிறது. பிழைத்த பிள்ளை பக்கத்தில் தூங்குகிறாள், அதனால் எழுதுகிறேன்.

நாற்பது தடவை சீர் பிரித்த பாட்டு. சொல்லி முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

வடிவாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "நீ சொன்ன பொய்ய இன்னைக்கே நெசமாக்கிருவோம். குடைய எடு."

தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நூற்றுப் பதினொரு பாட்டையும் படம் பிடித்து மூன்று யுனிவர்சிட்டிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். நாலு மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார்கள். "ஏம்மா அழுதிய?" என்று அஃப்ஷான் கேட்டாள். "சாரல் பட்டுது" என்றாள் நூர்நிஷா.

புத்தகம் ஐப்பசியில் முழுசாக வந்தது. வெளியீட்டுக்கு நாற்பது பேர் இருப்பார்கள். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். அவள் கடைசிப் பாட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒருவர் விருட்டென்று எழுந்தார். அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் மின்விசிறியைப் போட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். அவள் விட்ட வரியிலிருந்து மறுபடி படித்தாள்.