போர்வைக்குக் கட்டிய சீலை

அங்காளம்மாளுக்குத் தோள்பட்டை கழன்று விழுவது போல வலித்தது. பகலெல்லாம் தறிப்பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிய கை, வீட்டுக்கு வந்து விடிய விடிய ஊசியைப் பிடித்திருந்தது. தண்ணீர் பட்டாலே விரல் நுனி எரிந்தது. ஆனாலும் வேலை முடிந்துவிட்டது. மகள் கொண்டுபோக வேண்டிய போர்வையை எடுத்துவந்து வாசலில் விரித்தாள்.

குளித்துவிட்டு வந்த வசந்தாமணி அப்படியே நின்றாள்.

பழஞ்சேலைகளை அடுக்கி, ஒட்டுப் போட்டுத் தைத்து, அந்த வீடே இருபது வருசமாகப் போர்த்திய போர்வை. இப்போது ஒரு ஒட்டும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் புதுச் சிவப்புப் பாப்ளின் துணி வைத்துத் தைத்து மூடியிருந்தது.

“ஏம்மா இப்படிப் பண்ணுனே?”

“பின்னே? என்ற கந்தலை வடக்கத்தியானுக முன்னால விரிச்சு மானத்தை வாங்கறதா?”

“அந்தக் கந்தலுக்குத்தாம்மா என்னையக் கூப்பிட்டிருக்கறாங்க!”

அகமதாபாத்தில் ஒரு துணி அருங்காட்சியகம் 1984 தை மாதத்திலிருந்து ஆறு மாதம் வந்து தங்கி ஆய்வு செய்ய அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஏழை வீட்டுப் போர்வைகளைப் பற்றிய ஆய்வு. புழங்கிய போர்வை ஒன்றை இருந்தபடியே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தறி ஓட்டிக்கொண்டே தபாலில் எம்.ஏ. படித்தவளுக்கு இன்னொரு தடவை இது வாய்க்காது. அன்று சாயங்காலமே ஈரோட்டில் ரயில்.

வசந்தாமணி பிளேடை எடுத்தாள். அம்மாவின் தையல் நெருக்கமாக ஓடியிருந்தது. வேகமாக இழுத்தால் அடியிலிருந்த நைந்த சேலையும் சேர்ந்து கிழிந்தது. ஒரு மூலை பிரிவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். சேர்ந்தாற்போல் வீடுகள் இருந்த அந்த வளவில் போர்வை தைப்பது கைமாற்று. நம் வீட்டுக்கு வந்து தைத்தவள் வீட்டுக்கு நாம் போய்த் தைக்க வேண்டும். அன்றைக்குக் கந்தம்மாள் வீட்டு முறை. அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தைக்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். அங்காளம்மாளைக் காணோமே என்று கந்தம்மாள் தேடி வந்திருந்தாள்.

“என்னடி அங்காளா, போர்வைக்குச் சீலை கட்டி உட்டிருக்கறே? அதுக்கென்ன கல்யாணமா?”

“என்ற புத்தி கெட்டுப்போச்சுங்கக்கா. புள்ள பொழப்பைக் கெடுத்துப்புட்டேன்.”

கந்தம்மாள் விவரம் கேட்டாள். பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “பொண்டுகளா, தைக்கறது அப்பறம். இங்க பிரிக்கறதுக்கு ஆளு வேணும், வாங்க!”

“உங்க ஊட்டு வேலை நிக்குதுங்களே?” என்றாள் வசந்தாமணி.

“என்ற பேரன் இன்னும் வயித்துக்குள்ளதான கெடக்கறான். அவனுக்கென்ன குளுரு?”

சுற்றி உட்கார்ந்து தையல் தையலாக வெட்டினார்கள். செத்துப்போன அப்பாவின் லுங்கி வெளியே வந்தது. வசந்தாமணியின் பள்ளிக்கூடப் பாவாடை வந்தது. எழுத்து அச்சடித்த ஒரு வெள்ளை ஒட்டு தெரிந்ததும் அங்காளம்மாள் கையால் மூடிக்கொண்டாள்.

“இது மட்டும் வேண்டாஞ் சாமி. பஞ்சத்துல தரும மாவு வாங்கித் தின்ன பை.”

“நானுந்தாண்டி தின்னேன்,” என்றாள் கந்தம்மாள். “கைய எடு.”

அங்காளம்மாள் கையை எடுத்தாள்.

மதியம் தாண்டிப் போர்வை பழைய கந்தலாகக் கிடந்தது. ஊசித் துளைகள் மட்டும் மறையவில்லை. “அதையும் எழுதிக்கறேன்,” என்று வசந்தாமணி சுருட்டிக் கட்டினாள். “போயிட்டு வாரேனுங்க” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பிரித்த சிவப்புத் துணியை மடித்துக் கந்தம்மாளின் பேரனுக்கென்று கொடுத்தாள் அங்காளம்மாள். கந்தம்மாள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

துணி கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் கந்தம்மாள் வீட்டுக்கு அவள் போய்த் தைக்க வேண்டிய ஒரு நாள் கைமாற்று இன்னும் பாக்கி.